ஓடும்போதே ஆஃப் ஆகும் காருக்கு ஈஎல்எம்327 ஓபிடி கருவி: எதைக் காட்டும், எதைக் காட்டாது

அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் கார் திடீரென்று ஆஃப் ஆகிறது. ஓரங்கட்டி இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு "எரர் கோடு எதுவும் இல்லையே" என்கிறார்கள். அதற்குமேல் நடப்பதெல்லாம் ஊகம்தான். முதலில் பெட்ரோல் பம்ப், பிறகு காயில், பிறகு வயரிங் என்று ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். பில் ஏறும், கோளாறு அப்படியே இருக்கும்.

இந்த ஒரு கோளாறுக்காகவே வாங்கலாம் என்று துணிந்து சொல்லக்கூடிய கருவி ஈஎல்எம்327 வகை புளூடூத் ஓபிடி அடாப்டர். ஓபிடி என்பது கார் தன் கோளாறுகளைத் தானே கண்டறிந்து சொல்லும் ஏற்பாடு. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, போனில் ஒரு ஆப் போட்டால் இன்ஜின் கம்ப்யூட்டர், அதாவது ஈசியு, என்ன நினைக்கிறது என்று தெரியும். விற்பவர்கள் எல்லோரும் "எரர் கோடு படிக்கும், செக் இன்ஜின் லைட்டை அணைக்கும்" என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆஃப் ஆகிற வண்டிக்கு அது பெரிதாக உதவாது. வண்டி ஆஃப் ஆகும் அந்த இரண்டு மூன்று வினாடிகளை எண்களாகப் பதிவு செய்து வைக்கிறதே, அந்த வேலைக்குத்தான் கொடுக்கிற காசு தகும்.

எதை வாங்குவது

ஈஎல்எம்327 என்பது கனடாவின் ஈஎல்எம் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய சிப்பின் பெயர். அதன் முதல் பதிப்பில் நகல் தடுப்புப் பூட்டு இல்லாததால் உள்ளிருந்த நிரல் வெளியே போய்விட்டது. இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை அந்த வழியில் பிறந்த நகல்கள். அசல் நிறுவனமும் 2022-ல் மூடப்பட்டது. எனவே பெட்டிமேல் 'ஒரிஜினல்' என்று அச்சடித்திருப்பதை நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

நகல்களிலும் நல்லது கெட்டது உண்டு. 'வி1.5' என்ற பதிப்பை அசல் நிறுவனம் வெளியிட்டதே இல்லை. ஆனாலும் அந்தப் பெயரில் வரும் நகல்களில் பல ஒழுங்காக வேலை செய்கின்றன. 'வி2.1' என்று வரும் மிக மலிவான குட்டி அடாப்டர்களில்தான் சிக்கல் அதிகம். பல கட்டளைகள் அவற்றுக்குப் புரியாது. சிலவற்றில் பழைய கார்கள் பேசும் கே-லைன் பகுதியே இருக்காது. கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் வீகேட் ஐகார் ப்ரோ வகை நல்ல நடுத்தரத் தேர்வு. அதற்கும் மேலே ஓபிடிலிங்க். அதில் இருப்பது எஸ்டிஎன் என்ற வேறு குடும்பத்துச் சிப். ஈஎல்எம் கட்டளைகளை ஏற்கும், வேகமோ பல மடங்கு அதிகம். வேகம் எதற்கு என்பது கீழே தெரியும்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: சாதாரண புளூடூத் அடாப்டர் ஐபோனில் இணையாது. புளூடூத் 4.0 குறைமின் வகையோ வைஃபை வகையோதான் வேண்டும். வைஃபை அடாப்டருக்கு ஆப்பில் 192.168.0.10 என்ற முகவரியும் 35000 என்ற போர்ட்டும் கொடுக்க வேண்டியிருக்கும். ஆண்ட்ராய்டில் இணைப்பு எண் பெரும்பாலும் 1234 அல்லது 0000.

எந்தக் காருக்கு ஒத்துவரும்? இந்தியாவில் கார்களுக்கு ஓபிடி முதல் நிலை 2010 ஏப்ரலிலும், இரண்டாம் நிலை 2013 ஏப்ரலிலும் கட்டாயமானது. 2013-க்குப் பிந்தைய கார் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். அதற்கு முந்தைய சில கார்களில் அதே 16 பின் சாக்கெட் இருந்தும் ஈசியு தயாரிப்பாளரின் சொந்த மொழியில் மட்டுமே பேசும். அடாப்டரில் விளக்கு எரியும், இணைப்பு வராது. அது அடாப்டரின் குற்றமல்ல. விளக்கே எரியவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பல கார்களில் இந்தச் சாக்கெட்டுக்கும் சிகரெட் லைட்டருக்கும், அல்லது ரூம் லைட்டுக்கும், ஒரே ஃபியூஸ்தான். மட்டமான போன் சார்ஜர் ஒன்று அதை எரித்திருக்கும்.

நான்கு அளவுகள் போதும்

ஆண்ட்ராய்டில் டார்க் ப்ரோ, இரண்டு வகைப் போனிலும் கார் ஸ்கேனர் ஈஎல்எம் ஓபிடி2, இவை நம்பிப் பயன்படுத்தத் தக்க ஆப்கள். பதிவைக் கோப்பாகச் சேமித்து எக்செல்லில் திறந்து பார்க்கலாம். இவற்றில் பலரும் செய்யும் தவறு, பன்னிரண்டு மீட்டர்களைத் திரையில் நிரப்பிவைத்து ஓட்டுவது. அடாப்டர் ஒவ்வொரு அளவையும் தனித்தனியாகக் கேட்டுப் பதில் வாங்குகிறது. கே-லைன் காரில் வினாடிக்கு மூன்று நான்கு பதில்தான் வரும். கேன் முறையில் பேசும் புதிய காரிலும் மலிவான நகல் பத்துப் பதில் தந்தால் நல்லது. பன்னிரண்டு அளவு கேட்டால் ஆர்பிஎம்மின் முறை திரும்பி வருவதற்குள் இன்ஜின் செத்துப்போயிருக்கும்.

ஆகவே நான்கே நான்கு: இன்ஜின் ஆர்பிஎம், வண்டியின் வேகம், ஈசியுவுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம், நான்காவதாக வண்டிக்கு ஏற்ற ஒன்று. பெட்ரோல் காருக்கு ஷார்ட் டெர்ம் ஃபியூயல் டிரிம் (ஈசியு அந்த நேரத்தில் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண்), டீசலுக்கு ரயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாயின் அழுத்தம்), சிக்னலில் மட்டும் ஆஃப் ஆகிற வண்டிக்கு மேப் சென்சார் அளவு (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்). இவற்றோடு அடாப்டர் தானே அளக்கும் பேட்டரி மின்னழுத்தத்தையும் சேர்க்கலாம். அதைக் காரிடம் கேட்க வேண்டியதில்லை, அடாப்டரே அளந்து சொல்லிவிடும். பதிவை ஓடவிட்டுப் போனைக் கீழே வைத்துவிடுங்கள். ஓட்டும்போது திரையைப் பார்க்கவே வேண்டாம்.

ஆஃப் ஆன நொடியைப் படிப்பது

மேனுவல் கியர் காரில் இந்தப் பதிவு கிட்டத்தட்ட வாக்குமூலம் மாதிரி. கியரில் ஓடும் கார் ஆஃப் ஆனாலும், கிளட்சை மிதிக்கும்வரை சக்கரங்கள் இன்ஜினைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதாவது தீ அணைந்தாலும் கிராங்க் (இன்ஜினின் சுழல்தண்டு) சுற்றுகிறது. அப்படியிருக்க, பதிவில் ஆர்பிஎம் 1850, 1840, 0 என்று ஒரே தாவலில் விழுந்து, வேகம் மட்டும் 60, 60, 59 என்று இருந்தால், சுற்றுகிற கிராங்க்கை ஈசியுவால் பார்க்க முடியவில்லை என்று அர்த்தம். ஈசியு மின்னழுத்தம் அந்த நேரத்தில் 14 வோல்ட் அளவில் நன்றாக இருந்தால் குற்றவாளி கிராங்க் சென்சார், அதன் வயர், அல்லது அதன் கனெக்டர். வேறு இடத்தில் தேட வேண்டியதில்லை.

மாறாக ஆர்பிஎம் 1850, 1790, 1700, 1580 என்று வேகத்தோடு சேர்ந்து படிப்படியாக இறங்கினால் கிராங்க் சென்சார் நன்றாக இருக்கிறது. போனது பெட்ரோலோ ஸ்பார்க்கோதான். இரண்டையும் பிரிப்பதற்கு ஃபியூயல் டிரிம்மைப் பாருங்கள். ஆஃப் ஆவதற்குச் சில வினாடிகள் முன்பே டிரிம் +8, +15, +22 என்று ஏறியிருந்தால் பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியிருக்கிறது. ஓட்டுநருக்கும் வண்டி திணறியதுபோல, ஜெர்க் அடித்ததுபோலத் தெரிந்திருக்கும். டிரிம் அமைதியாக இருந்து சட்டென்று எல்லாம் நின்றால் இக்னிஷன் மின்சாரம் போயிருக்க வாய்ப்பு அதிகம். இங்கே ஒரு கண்ணி உண்டு. ஸ்பார்க் இல்லாமல் எரியாத காற்று வெளியே போனாலும் ஆக்ஸிஜன் சென்சார் அதை 'பெட்ரோல் குறைவு' என்றே படிக்கும். எனவே ஆஃப் ஆன பிறகு வந்த டிரிம் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதற்கு முந்தைய ஐந்து வினாடிகள்தான் சாட்சி.

கிளட்சை மிதித்துவிட்டால் இந்தச் சோதனை கலைந்துவிடும். தனியாக விடப்பட்ட இன்ஜின் ஓரிரு வினாடியில் தானாகவே பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆனால் வண்டி அணைந்ததை உணர்ந்து கால் கிளட்சுக்குப் போவதற்குள் அரை வினாடியாவது ஆகும். அந்த அரை வினாடியில் ஒரு அளவாவது பதிவாக வேண்டும். வேகமான அடாப்டருக்கு ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுக்கலாம் என்று சொல்வதற்கு ஒரே காரணம் இதுதான். ஆட்டோமேட்டிக், ஏஎம்டி கார்களில் இந்தச் சோதனை இவ்வளவு தெளிவாக நிற்காது. இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள பிடியை அங்கே கார்தான் முடிவு செய்கிறது.

மூன்றாவது வகை, எண்களே வராமல் போவது. இதில் இரண்டு உட்பிரிவு உண்டு, இரண்டும் வேறு வேறு இடத்தைக் காட்டுபவை. ஓபிடி சாக்கெட்டின் 16-ஆம் பின்னுக்கு நேரடி பேட்டரி மின்சாரம் வருகிறது, சாவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆஃப் ஆன நொடியில் அடாப்டர் இணைப்பில் இருந்துகொண்டே 'டேட்டா இல்லை' என்று சொன்னால் பேட்டரி நன்றாக இருக்கிறது, ஈசியுவுக்குத்தான் மின்சாரம் போகவில்லை. மெயின் ரிலே, ஈசியு ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச், ஈசியுவின் எர்த் ஆகிய நான்கில் ஒன்று. அடாப்டரே சேர்ந்து துண்டிக்கப்பட்டால் பேட்டரி டெர்மினல், பேட்டரி எர்த் வயர், மெயின் ஃபியூஸ் பக்கம் போங்கள். டெர்மினல் தளர்ந்த வண்டியில் ஆஃப் ஆவதற்கு முன்பே மின்னழுத்தம் 12-க்கும் 15-க்கும் இடையே துள்ளுவதைப் பதிவில் பார்க்கலாம். ஆல்டர்னேட்டர் மெல்லச் சாகும் வண்டியிலோ 13.9, 12.6, 11.8 என்று நிதானமாக இறங்கிக்கொண்டே வரும்.

அடாப்டர் அளக்கும் மின்னழுத்தத்தையும் ஈசியு சொல்லும் மின்னழுத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் எப்போதும் சிறு வித்தியாசம் இருக்கும், அதில் பயமில்லை. வழக்கமாக 0.2 வோல்ட் இருந்த வித்தியாசம் ஏசியும் ஹெட்லைட்டும் போட்டதும் ஒரு வோல்ட்டாக விரிந்தால், மெயின் ரிலேயின் முனைகளோ எர்த்தோ கெட்டுப்போய்க்கொண்டிருக்கின்றன. மல்டிமீட்டர் இருந்தால் இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்து உறுதி செய்யலாம். வண்டி ஓடும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் வயரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

இக்னிஷன் சுவிட்சைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வீட்டுச் சாவி, பீரோ சாவி, பூட்டுச் சாவி எல்லாம் கோத்த கனமான கொத்து குழியில் இறங்கும்போது சுவிட்சை ஒரு நொடி பின்னுக்கு இழுத்தால் போதும், வண்டி ஆஃப். ஜெனரல் மோட்டார்ஸ் 2014-ல் பல லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம் இதே கோளாறுதான். சுவிட்ச் 'ரன்' நிலையிலிருந்து நழுவியதால் இன்ஜினோடு ஏர்பேக்கும் செயலிழந்தது. வண்டி நிற்கும்போது இன்ஜினை ஓடவிட்டுச் சாவியை மெல்ல ஆட்டிப் பாருங்கள். இன்ஜின் தும்மினால் விடை கிடைத்தது.

கோடு ஏன் வருவதில்லை

கிராங்க் சென்சாருக்கு பி0335, பி0336 என்று கோடுகள் இருக்கின்றன. ஆனாலும் சூட்டில் ஒரு நொடி கண்ணை மூடும் சென்சார் பெரும்பாலும் கோடு விடுவதில்லை. ஆர்பிஎம் பூஜ்யம் என்று வந்ததும் 'ஓட்டுநர் இன்ஜினை நிறுத்திவிட்டார்' என்று ஈசியு எடுத்துக்கொள்ளும். அதன் பார்வையில் அது கோளாறே இல்லை. வேறு பல கோளாறுகளுக்கு இரண்டு பயணங்களில் திரும்ப நடந்தால்தான் நிலையான கோடு பதியும், லைட் எரியும். முதல் தடவையில் 'பெண்டிங்' என்ற தற்காலிகப் பட்டியலில் மட்டும் இருக்கும். இந்தக் கருவியில் பெண்டிங் கோடுகளைத் தனியாகப் பார்க்கலாம். பட்டறை அவசரத்தில் அந்தப் பக்கத்தைத் திறக்காமல் விடுவது சகஜம்.

கோடு வந்திருந்தால் அதோடு ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற உறைந்த படமும் இருக்கும். கோடு பதிந்த கணத்தில் ஆர்பிஎம், கூலன்ட் சூடு, லோடு எவ்வளவு என்று சொல்லும். அதைப் படம் எடுத்து வைக்காமல் 'கிளியர்' பொத்தானைத் தொடாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றினாலும் இதெல்லாம் பல கார்களில் அழிந்துவிடும். கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் உங்கள் ஆதாரத்தைத்தான் அழிக்கச் சொல்கிறார்கள்.

சாலையோரத்தில்

முதலில் உயிர், பிறகு சென்சார். ஆஃப் ஆனதும் ஹசார்ட் லைட்டைப் போடுங்கள். பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள், ஏனென்றால் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வேக்கம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். ஸ்டீயரிங் கனத்துப்போகும், ஆனால் திரும்பும். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது சாவியை உருவாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

பத்திரமான இடத்தில் நின்றபின் பெண்டிங் கோடுகளைப் படியுங்கள். பிறகு சாவியை ஒருமுறை ஆஃப் செய்து மறுபடி ஆன் நிலைக்கு மட்டும் கொண்டுவந்து பின்சீட்டுப் பக்கம் காது கொடுங்கள். பெட்ரோல் பம்ப் சுமார் இரண்டு வினாடி உறுமி நிற்க வேண்டும். அடுத்து செல்ஃப் அடித்தபடி ஆப்பில் ஆர்பிஎம்மைப் பாருங்கள். 150 முதல் 300 வரை ஏதாவது எண் வர வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் ஆர்பிஎம் பூஜ்யமாகவே இருந்தால் கிராங்க் சென்சார்தான்.

பெட்ரோல் பம்ப் வீணாக மாற்றப்படுவது இந்த இடத்தில்தான். ஆர்பிஎம் சிக்னல் வராவிட்டால் ஈசியு பம்ப் ரிலேயை அணைத்துவிடும். விபத்தில் இன்ஜின் நின்றபின் பெட்ரோல் பீய்ச்சாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. 'செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஓடவில்லை, அதனால் பம்ப் போச்சு' என்பது பாதி உண்மைதான். ஆர்பிஎம் எண் வந்தும் பம்ப் ஓடாவிட்டால் மட்டும் பம்ப், அதன் ரிலே, ஃபியூஸ், டேங்க் மேலுள்ள கனெக்டர் என்று போகலாம். ரிலேயைச் சோதிக்க, அதே எண் பொறித்த ஹார்ன் ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் போதும்.

சூட்டில் விழும் கிராங்க் சென்சாரை உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. வண்டி ஸ்டார்ட் ஆக மறுக்கும் அந்த நேரத்திலேயே சென்சார்மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள், அல்லது ஈரத்துணியைச் சுற்றுங்கள். பல இன்ஜின்களில் அது கிராங்க் புல்லி அருகிலோ ஃபிளைவீல் பக்கமோ இருக்கும். சைலென்சர் குழாய் பக்கத்தில் இருந்தால் கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள், பழுக்கக் காய்ந்த குழாய்மேல் தண்ணீர் படவும் விடாதீர்கள். இரண்டு நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் சென்சாரை மாற்றலாம். இரண்டு வயர் சென்சாரை மல்டிமீட்டரில் ஓம் அளந்து பார்க்கலாம். குளிர்ந்தபோது சில நூறு ஓம் முதல் ஆயிரத்துச் சொச்சம் வரை காட்டி, சூடானதும் அளவு எகிறினால் உள்ளே சுருள் விட்டுப்போயிருக்கிறது. மூன்று வயர் சென்சாரில் ஓம் பார்க்காதீர்கள், அது பெரும்பாலும் ஹால் வகை, அதில் ஓம் அளவுக்கு அர்த்தமில்லை. புதிது வாங்கும் முன் பழையதைக் கழற்றி முனையைப் பாருங்கள். காந்த முனையில் இரும்புத் துகள் மொய்த்திருந்தாலோ கனெக்டரில் ஆயில் ஊறியிருந்தாலோ, சுத்தம் செய்து மாட்டிப் பதிவை மறுபடி ஓடவிட்டுப் பார்ப்பது நியாயம். எலி கடித்த வயரையும் தேடுங்கள். மழைக்காலத்தில் நின்ற வண்டிகளில் இது மிகச் சாதாரணம்.

சிக்னலில் மட்டும் ஆஃப் ஆனால்

நெடுஞ்சாலையில் நன்றாக ஓடி, வேகம் குறைத்துக் கிளட்சை மிதித்ததும் 900, 650, 400, 0 என்று விழும் வண்டிக்கு கிராங்க் சென்சாரும் வேண்டாம், பம்பும் வேண்டாம். இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கும். அதற்கான கிளீனரும் துணியும் கொண்டு துடைத்து, ஐட்லிங்கை ஈசியு மறுபடி கற்றுக்கொள்ளவிட்டால் பல வண்டிகள் சரியாகிவிடும். மின்மோட்டாரால் திறக்கும் த்ராட்டில் தகட்டை விரலால் தள்ளாதீர்கள், உள்ளே உள்ள பல்சக்கரம் கெடும்.

காற்றுக் கசிவைத் தேடும்போது உங்கள் வண்டியில் எந்தச் சென்சார் என்று தெரிந்திருக்க வேண்டும். காற்றை அளக்கும் மாஃப் சென்சார் உள்ள இன்ஜினில், ஐட்லிங்கில் டிரிம் +20 இருந்து 2500 ஆர்பிஎம்மில் +3 ஆகக் குறைந்தால் கசிவு. தலைகீழாக, ஐட்லிங்கில் சரியாக இருந்து ஆர்பிஎம் ஏற ஏற டிரிம்மும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை, ஃபில்டரையும் பம்பையும் பாருங்கள். இந்த விதி இணையமெங்கும் இருக்கிறது. ஆனால் இங்கே ஓடும் பல சிறிய பெட்ரோல் கார்களில் மாஃப் கிடையாது, மேப் சென்சார்தான். அவற்றில் கசிந்து நுழையும் காற்றையும் மேப் கணக்கில் எடுத்துக்கொள்வதால் டிரிம் அவ்வளவாக ஏறாது. ஐட்லிங் தானாக உயரும், அல்லது தள்ளாடும். மேப் அளவு வழக்கமான 30 முதல் 40 கிலோபாஸ்கலைத் தாண்டி நிற்கும்.

மேப் சென்சாரைச் சோதிப்பது சுலபம். இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் 100 அருகே, ஊட்டியில் 77 அருகே. சென்னையில் நின்றுகொண்டு 85 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஐட்லிங் விழுந்து 'உஸ்' சத்தம் வந்தால் பிரேக் பூஸ்டர் சவ்வு கிழிந்திருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். பங்கில் பெட்ரோல் நிரப்பியதும் மட்டும் ஸ்டார்ட் ஆகத் திணறி ஆஃப் ஆகும் வண்டியில், டேங்க் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கும். மழைநாளில் நிரப்பிய பிறகு கோளாறு தொடங்கினால் டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அதிகமாகப் புகுந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதோ அடியிலிருந்துதான்.

டீசல் காரில்

காமன் ரயில் டீசலுக்கு இந்தக் கருவி பெட்ரோலைவிட நன்றாக உதவும், ஏனென்றால் ரயில் பிரஷரை ஈசியுவே அளந்து சொல்கிறது. ஸ்விஃப்ட், டிசையர், விஸ்டா, புன்டோ என்று பல கார்களில் ஓடிய 1.3 லிட்டர் மல்டிஜெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 200 பார் அளவுக்காவது ஏறாவிட்டால் இன்ஜெக்டர் திறக்காது. ஓடும்போது மேடு ஏறுகையில் பிரஷர் சரிந்து ஆஃப் ஆகி பி0087 வந்தால், உடனே ஹை பிரஷர் பம்ப் என்று பயப்பட வேண்டாம். டீசல் ஃபில்டர் அடைப்பு, ஃபில்டரில் தண்ணீர், குழாய் இணைப்பில் காற்று இழுப்பது என்ற மலிவான காரணங்களை முதலில் கழியுங்கள். ஃபில்டருக்குப் பின் ஒரு அடி ஒளிபுகும் குழாயை மாட்டிக் குமிழி வருகிறதா பார்த்தால் காற்று தெரிந்துவிடும். பிரஷர் சரியாமல், ஒரே தாவலில் நம்பமுடியாத எண் வந்து ஆஃப் ஆனால் பிரஷர் சென்சாரின் கனெக்டரைப் பாருங்கள்.

குறைகள்

சாதாரண பெட்ரோல் காரில் பெட்ரோல் அழுத்தத்தை இதனால் சொல்ல முடியாது, அங்கே அதற்குச் சென்சாரே இல்லை. பல கார்களில் 3 பார் சுற்றளவில் இருக்க வேண்டிய அழுத்தத்தை கேஜ் மாட்டித்தான் பார்க்க வேண்டும், அதையும் வண்டி ஆஃப் ஆகும் சூட்டில் பார்க்க வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் 3 பார் காட்டியதால் பம்ப் நல்லது என்று ஆகிவிடாது. ஏபிஎஸ், ஏர்பேக், இம்மொபிலைசர் கோடுகளும் தயாரிப்பாளரின் தனிக் கோடுகளில் பலவும் இதில் வராது. பட்டறை ஸ்கேனருக்கு இது மாற்று ஆகாது. ஆனால் உங்கள் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு போனால் அங்கே பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

நகல்களின் மின்னழுத்த அளவு சில பத்தில் ஒரு பங்கு வோல்ட் தவறும். மல்டிமீட்டரோடு ஒப்பிட்டு ஆப்பிலேயே திருத்திக்கொள்ளலாம். அடாப்டரின் நீளமும் தொல்லை. வலது முழங்கால் இடித்துச் சாக்கெட் தளர்ந்தால் பதிவு அறுந்துபோகும், அதை மின்சாரக் கோளாறு என்று தவறாகப் படிக்க நேரும். குட்டையான நீட்டிப்பு வயர் போட்டு டேஷ்போர்டு ஓரமாகக் கட்டிவிடுங்கள், பெடல் பக்கம் தொங்கவிடாதீர்கள்.

செருகியே வைத்திருப்பதும் நல்லதல்ல. 40 மில்லி ஆம்பியர் இழுக்கும் அடாப்டர் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு ஆம்பியர்-மணி குடிக்கும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள சிறிய கார் இரண்டு வாரம் நின்றால் செல்ஃப் எடுக்காமல் போகலாம். தவிர, 1234 என்ற எண் தெரிந்த யாரும் பக்கத்து வண்டியிலிருந்து இணைய முடியும்.

வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், மூன்றைச் சோதித்துவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் 13.8 முதல் 14.5-க்குள் காட்டி, மல்டிமீட்டரோடு ஒத்துப்போகிறதா? கேன் முறையில் பேசும் காரில் நான்கு அளவு கேட்டால் ஆர்பிஎம் வினாடிக்கு இரண்டு முறையாவது புதுப்பிக்கப்படுகிறதா? அரைமணி நேரம் ஓட்டியும் பதிவு எங்கும் அறுபடாமல் இருக்கிறதா? மூன்றாவதில் தோற்றால் யோசிக்காமல் திருப்பிக் கொடுங்கள். நல்ல வண்டியிலேயே தானாகத் துண்டிக்கும் அடாப்டரை வைத்துக்கொண்டு, ஆஃப் ஆகிற வண்டியில் துண்டித்தது பேட்டரியா அடாப்டரா என்று கண்டுபிடிக்க முடியாது.